சுழற்சி முறையில் ஒரு குளம்

"தண்ணிக்குன்னு சொந்தமா ஒரு புத்தி கிடையாதுங்க. நான் போன்னா போகும், நில்லுன்னா நிக்கும். முப்பத்திநாலு வருஷத்துல என் முறை தவறி ஒரு சொட்டு நகர்ந்ததில்ல. இனிமேலும் நகராது!"

குடிநீர் அலுவலகத்தின் மாடியில், தம்முடைய பணி ஓய்வு விழாவில், ஒலிபெருக்கியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு வால்வு சார் இப்படி முழங்கியபோது பலத்த கைதட்டல் எழுந்தது. அதில் பாதி மரியாதை. மீதிப் பாதி, பேச்சு முடிந்துவிட்டது என்ற நம்பிக்கை. முடியவில்லை. மேலும் இருபது நிமிடம் பேசினார். அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடங்களிலெல்லாம், மாடிக் கழிப்பறையில் சரியாக மூடாத குழாய் ஒன்று சொட்டிக்கொண்டிருந்த ஓசை தெளிவாகக் கேட்டது. அதை யாரும் அபசகுனமாக எடுத்துக்கொள்ளவில்லை. குடிநீர் அலுவலகத்தில் குழாய் ஒழுகுவது வழக்கம்தான்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடிருந்த அந்தப் பெயரும் அவரோடு சேர்ந்து ஓய்வு பெற்றுவிட்டது. ஊருக்கு அவர் வால்வு சார். அவர் முதுகு மறைந்த பிறகு வெறும் வால்வு.

வேலை எளிது என்று நினைப்பவர்கள் உண்டு. தெருவின் நடுவே பதித்த இரும்பு மூடியைத் திறக்க வேண்டும். நெஞ்சுயரம் உள்ள இரும்புச் சாவியைப் பள்ளத்துக்குள் விட்டு, அதன் குறுக்குப் பிடியை இரண்டு கையாலும் திருக வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்தத் திருகலில்தான் பதினாறு தெருக்களின் குளியலும் சமையலும் கணவன் மனைவி சமாதானமும் அடங்கியிருந்தன. இடப்பக்கம் திருகினால் மூன்றாம் தெருவில் குடங்கள் ஓடி வரும். வலப்பக்கம் திருகினால் ஒன்பதாம் தெருவில் சோப்பு நுரையோடு ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். ஊருக்கே தண்ணி காட்டியவர் என்று அவரைச் சொன்னால் அது வசையாகாது. அது பதவிக் குறிப்பு.

எல்லாத் தெருவுக்கும் எல்லா நாளும் விடும் அளவுக்குத் தண்ணீர் இல்லை. எனவே தெருக்களை நான்கு மண்டலங்களாகப் பிரித்து, மண்டலத்துக்கு நான்கு நாளுக்கு ஒரு தடவை, காலை ஆறிலிருந்து ஏழு வரை, மாலை ஐந்திலிருந்து ஆறு வரை. இதற்கு அலுவலகம் வைத்திருந்த பெயர் 'சுழற்சி முறை'. வால்வு சாருக்கு இந்த இரண்டு சொற்களும் தாய் தந்தை மாதிரி. முறை என்றால் முறைதான். அழுதாலும் கிடையாது, அதட்டினாலும் கிடையாது. நகரத் தலைவர் வீட்டுச் சமையல்காரர் வந்து கெஞ்சியபோதுகூட, "தலைவரை நாளைக்கு வரச் சொல்லுங்க, அவரு தெரு நாளைக்குத்தான்" என்று அனுப்பிவைத்தவர். கை நீட்டி ஒரு பழம்கூட வாங்காதவர். இந்த நேர்மையை ஊர் புகழ்ந்தது. வீடு சகித்துக்கொண்டது.

ஏனென்றால் அவருடைய திருமணத்தன்று அவருடைய தெருவுக்கு முறை இல்லை. விருந்து முடிந்து, கை கழுவ வழியில்லாமல் இருநூறு பேர் வலது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஏதோ தீர்மானத்துக்கு வாக்களிப்பவர்கள் போல முற்றத்தில் நின்றார்கள். புதுப்பெண் தலையை நிமிர்த்தாமல் மெல்லக் கேட்டாள்:

"ஏங்க... ஒரு குடம் தண்ணி வருமா?"

மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார்.

"நாளைக்கு மறுநாள் காலைல ஆறு மணிக்கு."

அவர் தம் மனைவியிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

அந்தப் புதுப்பெண்தான் பின்னாளில் ஒரு பள்ளிக்கூடத்தின் அறிவியல் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்து, இருபத்தெட்டு ஆண்டுகள் சோதனைக் குழாய் கழுவி, லேப் அம்மா என்ற பெயரோடு ஓய்வு பெற்றவர். கணவன் ஊருக்கு வால்வு, மனைவி பள்ளிக்கு லேப். வீட்டுக்குள் மனிதப் பெயரில் யாரும் இல்லை.

ஓய்வு விழாவில் சக ஊழியர்கள் வால்வு சாருக்கு அவருடைய சாவியையே பொன் முலாம் பூசிப் பரிசாகக் கொடுத்தார்கள். அது முன்னறைச் சுவரில், இரண்டு ஆணியில், படுக்கை வாக்கில் தொங்கியது. திறப்பதற்கு ஊரில் ஒரு மூடியும் இல்லாத மனிதர் அதன் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆறு மாதம் உட்கார்ந்தார். சும்மா இருக்கும் கை எதையாவது திருகும். குளியலறைக் குழாயை ஆறிலிருந்து ஏழுவரைதான் பயன்படுத்த வேண்டும் என்றார். அடுக்களைத் தொட்டியின் திருகைக் கால்வாசிக்கு மேல் திறக்கக் கூடாது என்றார்.

லேப் அம்மாவின் தம்பி, குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கும் மெக்கானிக், ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து போவார். மாமாவைச் சீண்டுவது அவருக்கு வாரக் கடமை.

"அக்கா, மாமா தூங்கறப்ப குறட்டை விடறாரே, அதுக்கும் முறை இருக்கா? இல்ல தொடர் விநியோகமா?"

"போடா, அவரு காதுல விழப்போகுது."

"விழட்டுமே. அவரு காதுக்கு இன்னைக்கு முறை இருந்தா விழும்."

இந்த நிலையில்தான் மீன்கள் வந்தன.

பள்ளிக்கூடத்தின் பழைய ஆய்வகத்தை இடிக்கப் போவதாக முடிவாகியது. கழித்துக்கட்ட வேண்டிய பொருட்களின் பட்டியலை நிர்வாகம் ஒட்டியது: உடைந்த மேசை நான்கு, ஒரு கை இல்லாத எலும்புக்கூடு ஒன்று, மீன் ஏழு. எலும்புக்கூட்டை யாரும் கேட்கவில்லை. மீன்களை லேப் அம்மா கேட்டார். ஆய்வக வாசலில் இருந்த சிமென்ட் தொட்டியில் அவற்றைப் பதினோரு வருடமாகத் தீனி போட்டு வளர்த்தவர் அவர்தான். எல்லாம் நிறக் கெண்டைகள். பெரியதற்குத் தலைமையாசிரியர் என்று பெயர். வெள்ளை உடம்பு, தலையில் மட்டும் சாயம் பூசியதைப் போல ஒரு கறுப்புத் திட்டு, முழங்கை நீளம், அதற்கேற்ற தொப்பை. ஓரமாகவே நீந்தும் ஒன்று கணக்கு வாத்தியார். எப்போது பார்த்தாலும் மூலையில் தூங்கும் ஒன்று விளையாட்டு வாத்தியார். மற்ற நான்கும் தற்காலிக ஆசிரியர்கள் என்பதால் தனிப்பெயர் கிடையாது.

ஏழு பேரும் வீட்டுக் குளியலறையில் நீலநிறப் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் தங்க வைக்கப்பட்டார்கள். மணிக்கு ஒரு தடவை லேப் அம்மா போய், குவளையால் தண்ணீரை மொண்டு உயரத் தூக்கி ஊற்றுவார். அப்படி ஊற்றினால்தான் அதற்குள் காற்று கலக்கும், மீன் மூச்சு விடும். மூன்றாவது வாரத்தில் தலைமையாசிரியரின் வயிற்றோரம் சிவப்புக் கோடுகள் தெரிந்தன. மற்ற ஆறும் எப்படியோ சமாளித்துவிடும். பெரிய உடம்புக்குப் பெரிய மூச்சு வேண்டும். இந்தத் தொட்டியில் இன்னும் ஒரு மாதம் இருந்தால் பதினோரு வருடம் வளர்த்தது கண்ணெதிரே போய்விடும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

அன்று மாலை லேப் அம்மா, சாவியின் கீழே உட்கார்ந்திருந்த கணவர் முன்னால் போய் நின்றார்.

"ஏங்க, பின்னாடி துவைக்கற கல்லு இருக்கற எடத்துல ஒரு குளம் கட்டிக் குடுங்க. இல்லேன்னா பெரியவரு பிழைக்க மாட்டாரு."

"எந்தப் பெரியவரு?"

"மீனுங்க."

"ஓ."

"சும்மா குழி வெட்டித் தண்ணி ஊத்தினா ஆகாது. தண்ணி எப்பவும் சுழற்சியில இருக்கணுமாம். புத்தகத்துல போட்டிருக்கு."

வால்வு சார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆறு மாதமாகத் தூசி படிந்து கிடந்த கண்களில் ஒரு வெளிச்சம் வந்தது.

"என்ன சொன்ன?"

"சுழற்சின்னேன்."

"சுழற்சி!" என்றார் வால்வு சார். "யாருகிட்ட வந்து சொல்ற? புத்தகம் எழுதினவன் எத்தனை தெருவுக்குத் தண்ணி விட்டிருக்கான்? நீ போய்ச் சமையலைப் பாரு. நான் பாத்துக்கறேன்."

லேப் அம்மா நிம்மதியாகப் போய்ச் சமையலைப் பார்த்தார். பெரிய பெரிய தவறுகள் எல்லாம் இப்படி ஒருவர் நிம்மதி அடையும் கணத்தில்தான் அடிக்கல் நாட்டிக்கொள்கின்றன.

நான்கு நாள் அவர் வரைபடம் போட்டார். பன்னிரண்டு அடி நீளம், எட்டடி அகலம், மூன்றடி ஆழம். நடுவே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு சுவர்கள், மேல் விளிம்பு தண்ணீர் மட்டத்துக்கு மேல் ஒரு சாண் உயரம். ஆக, நான்கு மண்டலங்கள். கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு. நீள்சதுரத்தை இப்படிப் பிரித்தால் கிடைக்கும் நான்கு மூலைகளில் எதுவும் சரியாக அந்தந்தத் திசையில் இருக்காது என்பது உண்மைதான். ஆனால் திசையைச் சூரியன் தீர்மானிப்பது வீடுகளில். அலுவலகத்தில் கோப்புதான் தீர்மானிக்கும். மண்டலத்துக்கு மண்டலம் போய்வர, சுவரின் அடியில் நாலு அங்குலக் குழாய்த் துண்டுகள். கிழக்கு மண்டலத்தில் மோட்டார். மோட்டாரிலிருந்து நான்கு கிளைக்குழாய், நான்கு வால்வு. ஒவ்வொரு நாளும் ஒன்றைத் திறந்து மூன்றை மூட வேண்டும்.

கொத்தனார் வரைபடத்தை நேராகப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார்.

"சார், செப்டிக் டேங்க் எதுக்கு இவ்வளவு பெருசா?"

"இது குளம்யா."

"குளமா? அப்ப மேல மூடி வேண்டாமா?"

"வேண்டாம்."

"ரொம்ப நாத்தமடிக்குமே சார்" என்றார் கொத்தனார், தொழில் அக்கறையோடு. அவருடைய வாய் முகூர்த்தம் பலிக்க, குளம் திறந்து ஏழு நாள் எடுத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குளம் திறப்பு விழா கண்டது. கொய்யா மரத்தின் கீழே பச்சை வண்ணம் அடித்த பலகை ஒன்று நட்டிருந்தது. அதில் வால்வு சாரின் கையெழுத்தில், வெள்ளை வண்ணத்தில்:

'சுழற்சி முறையில் நீர் விநியோகம். முதல் நாள் கிழக்கு. இரண்டாம் நாள் தெற்கு. மூன்றாம் நாள் மேற்கு. நான்காம் நாள் வடக்கு. காலை 6 முதல் 7 வரை, மாலை 5 முதல் 6 வரை. பராமரிப்புப் பணி காரணமாக மாறுதலுக்கு உட்பட்டது. நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும்.'

தலைமையாசிரியரை வாளியில் தூக்கிவந்த லேப் அம்மா, வெயில் படாமல் நிழலாக இருக்கட்டும் என்று கொய்யா மரத்தடியில் இருந்த வடக்கு மண்டலத்தில் விட்டார். மற்ற ஆறையும் மற்ற இடங்களில் விட்டார். பிறகுதான் பலகையைப் படித்தார். ஒரு தடவை படித்தார். கணவரின் முகத்தைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

அவருக்கு முன்னால் அவர் தம்பி படித்து முடித்து, கொய்யா மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"மாமா! அக்கா கேட்டது சுழற்சி. நீங்க கட்டினது சுழற்சி முறை!"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"எப்படி மாமா ஒண்ணாகும்? சுழற்சின்னா தண்ணி சுத்தி வர்றது. சுழற்சி முறைன்னா ஜனங்களைச் சுத்த விடறது!"

"மாப்ள, நீ ஐஸ் பெட்டிக்குக் கேஸ் அடிக்கறவன். உறைஞ்ச தண்ணியப் பத்தி ஏதாவது சந்தேகம் வந்தா உன்னக் கேக்கறேன். ஓடற தண்ணி என்னோடது."

"ஓடினா சரி" என்றார் மச்சினர்.

லேப் அம்மா மெல்லச் சொன்னார்: "ஏங்க, நான் சொன்னது வேறங்க. தண்ணி நிக்காம, எப்பவும்..."

"எப்பவும் விட்டா தண்ணிக்கு மதிப்பு போயிடும்" என்றார் வால்வு சார். சொல்லிவிட்டுக் கிழக்கு வால்வைத் திறந்தார். கிழக்கிலிருந்து மோட்டார் உறிஞ்சிய தண்ணீர் குழாய் வழியே ஏறிப் போய், திரும்பவும் கிழக்கிலேயே விழுந்தது. இந்தக் கையால் எடுத்து அந்தக் கையில் கொடுப்பது என்பார்கள். இது இந்தக் கையால் எடுத்து இந்தக் கையிலேயே கொடுப்பது. சரியாக ஏழு மணிக்கு வால்வை மூடி, கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டார். ஆறு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவர் வயிறாரச் சாப்பிட்டார்.

மீன்கள் மிக விரைவில் குடிமக்களாகிவிட்டன. எந்த மண்டலத்தில் தண்ணீர் விழுகிறதோ அங்கே குழாய்த் துண்டு வழியே புகுந்து போய், விழும் தண்ணீருக்கு அடியில் முட்டி மோதிக்கொண்டு நிற்கும். வால்வு சாருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

"பாத்தியா, வரிசைக்கு வந்துட்டாங்க! கணக்கு வாத்தியாரப் பாரு, இடிச்சுட்டு முன்னாடி போறாரு. ஒன்பதாம் தெருவுல ஒரு பொம்பளை இப்படித்தான் போகும்."

"பெரியவரால போக முடியலீங்க" என்றார் லேப் அம்மா.

முடியவில்லைதான். குழாய்த் துண்டு நாலு அங்குலம். தலைமையாசிரியரின் தொப்பை அதைவிட அதிகம். அவர் வடக்கு மண்டலத்தின் நிரந்தரவாசி. தம் முறை வரும்வரை, நின்றுபோன தண்ணீரில், கொய்யா இலைகளுக்கு நடுவே, சுற்றறிக்கைக்குக் காத்திருப்பவர் போல ஒரே இடத்தில் நின்றார்.

"அவங்கவங்க முறை வர்றப்ப அவங்கவங்களுக்கு வரும்" என்றார் வால்வு சார்.

ஐந்தாம் நாள் வடக்கு மூலை பச்சையாயிற்று. ஏழாம் நாள் கொத்தனாரின் தீர்க்கதரிசனம் மூக்கை எட்டியது. எட்டாம் நாள் வடக்கின் முறை. இரண்டு மணி நேரம் தலைமையாசிரியர் விழும் தண்ணீரின் கீழே கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மீனுக்கு இமை கிடையாது. ஆனாலும் அவர் அப்படித்தான் தெரிந்தார் என்று லேப் அம்மா பிறகு சொன்னார்.

பத்தாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, தெற்கின் முறை. ஆறு மணிக்கு வால்வு சார் தெற்கைத் திறந்துவிட்டு, பலகையின் அருகே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கொய்யா மரத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ சத்தம் கேட்டது. சொளக். சிறிது இடைவெளி. சொளக்.

லேப் அம்மா வடக்கு மண்டலத்தின் கரையில் மண்டியிட்டிருந்தார். சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. தலைமையாசிரியர் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து, உடம்பு ஒரு பக்கமாகச் சாய, வாயை வட்டமாகத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். லேப் அம்மா குளியலறைக் குவளையால் இந்த ஓரத்தில் மொண்டு, கையை எட்டின மட்டும் நீட்டி, அந்த ஓரத்தில் உயரத்திலிருந்து ஊற்றினார். மொண்டார், ஊற்றினார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"என்னாச்சு?" என்றார் வால்வு சார்.

"மூச்சு முட்டுதுங்க அதுக்கு. இந்தப் பக்கத்து வால்வைத் தொறங்க."

வால்வு சார் பலகையைப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். முப்பத்திநாலு வருடப் பழக்கம், வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இன்னைக்குத் தெற்கு. நாளைக்கு மேற்கு. வடக்குக்கு நாளைக்கு மறுநாள் காலைல..."

"ஆறு மணிக்கு" என்று முடித்தார் லேப் அம்மா. திரும்பிப் பார்க்கவில்லை. ஊற்றுவதை நிறுத்தவும் இல்லை. "தெரியும். முப்பத்தொரு வருஷமாத் தெரியும். உங்ககிட்ட நான் ரெண்டே தடவைதான் தண்ணி கேட்டிருக்கேன்."

சொளக்.

வால்வு சாருக்கு ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்தது. முறை என்ற சொல் தொண்டைவரை வந்தது. அங்கே அதற்கு அன்றைக்கு விநியோகம் இல்லை. முற்றத்தில் வலது கையைத் தூக்கிக்கொண்டு நின்ற இருநூறு பேரும் திரும்பவும் வந்து, கொய்யா மரத்தடியில் வரிசையாக நின்று அவரைப் பார்ப்பது போல இருந்தது. அவர்கள் முன்னால் நான்கு எட்டு நடந்து போவது அத்தனை எளிதல்ல. ஆனாலும் நடந்தார். தெற்கை மூடினார். சுற்றுமுற்றும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். குனிந்து, வடக்கு வால்வைத் திறந்தார்.

ஊரில் இடி விழவில்லை. குழாயில் தண்ணீர் விழுந்தது. தலைமையாசிரியர் தள்ளாடித் தள்ளாடி அதன் அடியில் போய் நின்றார். வாய் திறப்பது மெல்லக் குறைந்தது. லேப் அம்மா குவளையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் தண்ணீர் மனம் மாறிவிடுமோ என்ற பயம்.

அப்போதுதான் வால்வு சாரின் கண் ஓர் இலையில் விழுந்தது. காய்ந்த கொய்யா இலை, ஓரம் சுருண்டு, சின்னப் படகு மாதிரி. அது லேப் அம்மா மொண்ட ஓரத்துக்கு நகர்ந்து வந்தது. குவளை அதைத் தொடாமல் தண்ணீரை மட்டும் எடுத்தது. அந்த ஓரத்தில் ஊற்றியதும் இலை சுவரை ஒட்டி விரைந்தது, மூலையில் திரும்பியது, மறுபடி மொள்ளும் இடத்துக்கு வந்தது. நான்கு தடவை. யாரும் அதற்கு வழி சொல்லவில்லை. சாவியும் போடவில்லை.

"நீ எடுக்கறது இங்க" என்றார் வால்வு சார், யோசனையாக. "ஊத்தறது அங்க."

"ஆமா. எடுத்த எடத்துலயே ஊத்தினா என்னங்க பிரயோஜனம்?"

வால்வு சார் கிழக்கு மண்டலத்தைப் பார்த்தார். கிழக்கின் முறையன்று எடுத்த இடத்திலேயே ஊற்றும் தம் மோட்டாரைப் பார்த்தார். பிறகு விடுவிடென்று வீட்டுக்குள் போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் பொன் முலாம் பூசிய சாவி இருந்தது.

லேப் அம்மாவுக்குப் பகீரென்றது. "திரும்ப மூடப் போறீங்களா?"

வால்வு சார் சாவியைத் தலைகீழாகப் பிடித்து, குளத்துக்குள் இறங்கி, வடக்குக் குறுக்குச் சுவரின் மேல் ஓங்கி ஓர் இடி இடித்தார். முலாம் சில்லுச் சில்லாக உதிர்ந்தது. சுவர் அசையவில்லை. கொத்தனார் நல்ல வேலைக்காரர். பதினோராவது இடியில் ஒரு செங்கல் பெயர்ந்தது. மத்தியானத்துக்குள் தலைமையாசிரியரின் தொப்பை போகும் அளவுக்கு வழி பிறந்தது.

அடுத்து வந்த நாட்களில் பின்வாசலிலிருந்து கேட்ட சத்தங்களைப் பற்றித் தெருவில் பல கருத்துகள் நிலவின. வால்வு பைத்தியமாகிவிட்டது என்பது பெரும்பான்மைக் கருத்து.

ஞாயிற்றுக்கிழமை மச்சினர் வந்தார். வரும் வழியெல்லாம் ஒரு கிண்டலைத் தீட்டித் தீட்டிக் கூராக்கிக்கொண்டு வந்திருந்தார். செருப்பைக் கழற்றும்போதே குரல் கொடுத்தார்:

"என்ன மாமா, இன்னைக்கு யாரு முறை?"

பின்கட்டுக்குப் போனார்.

குறுக்குச் சுவர்கள் இல்லை. குளத்தின் நான்கு மூலைகளும் சிமென்ட் பூசி வளைவாக்கப்பட்டிருந்தன. நான்கு வால்வுகளும் கழற்றப்பட்டு ஒரு வாளியில் கிடந்தன. மோட்டார் ஒரு கோடியில் இருந்தது, குழாயின் வாய் எதிர்க்கோடியில், சுவரை ஒட்டிச் சாய்வாகத் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஆறு மணியும் போய்விட்டது, ஏழு மணியும் போய்விட்டது. மோட்டார் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து நிற்கவில்லை என்று அக்கா ஜன்னல் வழியாக மெல்லச் சொன்னார். பச்சைப் பலகை, எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி, மோட்டார்க் குழிக்கு மூடியாகியிருந்தது. முலாம் உதிர்ந்த சாவி கரையில் நட்டு வைக்கப்பட்டிருந்தது. குழாயை அதில்தான் கயிற்றால் கட்டியிருந்தார்கள்.

வால்வு சார் கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். இடது கையில் ஒரு பிடி காய்ந்த கொய்யா இலை.

ஓர் இலையைத் தண்ணீரில் விட்டார். அது சுவரோரமாகப் போயிற்று, வளைவில் திரும்பியது, தலைமையாசிரியரின் கறுப்புத் தலையைத் தாண்டியது. தலைமையாசிரியர் இப்போது பள்ளி முழுவதையும் சுற்றிப் பார்ப்பவராக மாறியிருந்தார், ஆறு பேரும் பின்னால் வர. இலை மரத்தடிப் பக்கம் போனதும் தயங்கியது. நின்றுவிட்டது.

வால்வு சார் அதைப் போ என்று சொல்லவில்லை. வெகுநேரம் அதையே பார்த்தார். எழுந்து போய், கயிற்றைத் தளர்த்தி, குழாயின் வாயை இரண்டு விரற்கடை இடப்பக்கம் திருப்பிக் கட்டினார். வந்து உட்கார்ந்து இன்னோர் இலையை விட்டார்.

மச்சினர் தீட்டிக்கொண்டு வந்த கிண்டலை எங்கோ கீழே போட்டுவிட்டிருந்தார்.

"மாமா, இடப்பக்கம் திருப்பணும்னு யாரு சொன்னாங்க?"

வால்வு சார் திரும்பவில்லை. இலையை நோக்கி முகவாயை மட்டும் நீட்டிக் காட்டினார்.

"இரு மாப்ள" என்றார், தணிந்த குரலில். "அது இன்னும் சொல்லி முடிக்கல."